வேலிப் பெட்டிக்கு ஒரு மாற்றுக் கண்

உடையார்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற தை மாதக் கடைசியில், பருவம் தப்பிய மழையொன்று இடியுடன் வந்து போயிற்று. மழையினால் நெல்லுக்குப் பெருந்தீங்கு விளையவில்லை. இடியினால் விளைந்தது. செந்தூரனின் வீட்டு வளவு எல்லையில், நட்டுவைத்த பாலைமரக் கப்பொன்றில் தகரக் கூரையின் கீழே தொங்கிய வேலிப் பெட்டி, விடிந்தபோது ஒலியற்றுக் கிடந்தது.

வேலிப் பெட்டி என்பது யானை வேலிக்கு மின்னூட்டும் சாதனம் ஆகும். வீட்டு மின்சாரத்தைத் தன்னுள் வாங்கி, அதனைச் சேமித்து, நாடித் துடிப்பைப் போல விட்டுவிட்டுக் கம்பியிற் செலுத்துவதே அதன் தொழில். கம்பியைத் தொடும் உயிர் அதிர்ந்து விலகும்; ஆனால் இறவாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள வெறுமையே அவ்வுயிரைக் காப்பாற்றுகிறது.

செந்தூரனின் மனைவி சிவதர்சினி பெட்டியைக் கழற்றி வந்து முற்றத்து மரக் கதிரையில் வைத்து மூடியைத் திறந்தாள். அவள் புதுக்குடியிருப்பில் மின்சாதனங்கள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்பவள். கலியாணத்திற்குப் பின்னரே தொழிற்பயிற்சிக்குப் போய் இத்தொழிலைக் கற்றவள்.

அவ்வேளையில் யோகநாதன் தமது சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். செந்தூரனின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. இரு வயல்களையும் ஒரே வேலி சூழ்ந்திருந்தது. ஒரே பெட்டியே இரண்டையும் காத்தது.

"என்ன பிள்ளை, பெட்டி மௌன விரதமோ?"

"கண் போச்சுது அண்ணை."

"பெட்டிக்கும் வெள்ளெழுத்தோ? எனக்கும் பேப்பர் வாசிக்கேலாமல் கிடக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கண்ணாடி எடுப்பம்."

"பகிடி விடாதேங்கோ. இஞ்ச பாருங்கோ, வெடிச்சுக் கிடக்கிறதை."

சிறு இடுக்கியின் நுனியில் அவள் காட்டியது, பருப்பிலும் சற்றே பெரியதான, நான்கு கால்களையுடைய கருநிறப் பொருள். அதன் பெயர் ஒப்டோகப்ளர். அதன் ஒரு பாதியில் நுண்ணிய விளக்கொன்றும், மறு பாதியில் அவ்வொளியைக் காணும் கண்ணொன்றும் உள்ளன. இரண்டுக்கும் இடையே கம்பி எதுவும் இல்லை. ஒளி மட்டுமே செல்லும். கொடிய மின்சாரம் உள்ள பக்கத்திலிருந்து, அதனை ஆளும் பக்கத்திற்கு, "நிரம்பிவிட்டது, நிறுத்து" என்னும் செய்தியைக் கொண்டு செல்வது அதுவே. செய்தி போகும்; மின்சாரம் போகாது.

"அப்ப உந்தக் கண்ணைக் கழட்டிப்போட்டு ஒரு கம்பித்துண்டை வைச்சு ஒட்டன். முந்தி ரேடியோவுக்கு நாங்கள் அப்பிடித்தானே செய்தனாங்கள்."

"ரேடியோவுக்குச் செய்யலாம் அண்ணை. இதிலை செய்தால் வீட்டுக் கரண்ட் முழுக்க வேலியிலை நிக்கும். தொட்ட ஆள் கையை எடுக்கேலாது."

"யானையும் எடுக்கேலாதுதானே."

"யானை மட்டுமே வேலியடியாலை போகுது? விடிய வெள்ளன வேலைக்குப் போற பெண்டுகள் இல்லையோ? ஜெகதீஸ்வரி அக்காவும் அதாலைதானே போறவா."

மனைவியின் பெயரைக் கேட்டதும் யோகநாதன் பிடரியைச் சொறிந்தார். "அவா தொட்டால் கரண்டுக்குத்தான் ஆபத்து," என்றார்.

குசினி வாசலில் அமர்ந்திருந்த செந்தூரன் சிரித்தான். பின்பு, "நெல்லு வெட்டு மெசின் எப்ப வருதாம் அண்ணை?" என்று கேட்டான்.

"இரணைமடுப் பக்கம் முடிச்சாப் பிறகுதானாம். இன்னுமொரு கிழமை எண்டுறான். அவன்ரை கிழமைக்கு எத்தினை நாளோ ஆருக்குத் தெரியும்."

"அப்ப பரண்தான்."

சிவதர்சினி தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தாள். அவன் பொய்க்காலைக் கழற்றி அருகில் வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருந்த பகுதியில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வயற்காவல் பரணில் ஏறுவது அவனுக்குக் கடினமன்று, கைகள் வலியவை. இறங்குவதும் இயலும். யானை பரணின் கப்பை முட்டும்போது இறங்கி, சேறு நிறைந்த வரம்பிலே ஓடுவதுதான் இயலாது. போன வருடம், வேலி கட்டுவதற்கு முன்னர், அவன் காவலுக்குப் போன இரவுகளில் அவள் உறங்கியதில்லை. கம்பிச்சுருளும் பெட்டியும் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவளே.

"நீங்கள் பரணுக்குப் போகத் தேவையில்லை," என்றாள். "நான் கிளிநொச்சிக்குப் போட்டு வாறன்."

கிளிநொச்சியில் முதலில் ஏறிய கடைகளில் அந்த ஒப்டோகப்ளரின் இலக்கமுடைய பொருள் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்றும், அடுத்த வாரம் பஸ்ஸில் வரும் என்றும் ஒரு கடைக்காரர் கூறினார். அவள் அதற்குச் சொல்லிவைத்தாள். அதன் பின்னர், இன்னொரு கடையில் அதே இலக்கம் பொறித்த ஒன்றும், சற்றே வேறான ஆறுகால் வகையில் ஒன்றும் கிடைத்தன. திரும்பும் வழியில் தான் வேலை செய்யும் கடையில் இறங்கி, கழிக்கப்பட்ட பழைய தொலைக்காட்சி ஒன்றின் மின்சுற்றுத் தட்டிலிருந்து, ஈயத்தை உருகவைத்து மூன்றாவதையும் எடுத்துக்கொண்டாள். கையில் மூன்று மாற்றுகள் இருந்தன. அவற்றுள் எது தகுந்தது என்பதே இனித் தீர்மானிக்கப்பட வேண்டியது.

மாலையில் குசினிக்குள் புட்டு அவிந்துகொண்டிருந்தது. மறு அடுப்பில் குளத்து மீன் குழம்பு. சிவதர்சினி அடுப்புக்கு அருகே பலகையொன்றில் மின்மானியையும் சிறு மின்கலத்தையும் வைத்துக்கொண்டு இருந்தாள். மாற்றுப் பொருளொன்றை மதிப்பிடுவதற்கு முறை உண்டு. முதலில் அதன் பெயர் மெய்யானதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, விளக்குக்கு இவ்வளவு கொடுத்தால் கண் எவ்வளவு திருப்பித் தருகிறது என அளக்க வேண்டும். ஈற்றில், குளிரிலே தந்ததை வெப்பத்திலும் தருகிறதா என அறிய வேண்டும்.

அவள் பஞ்சிலே தின்னர் தொட்டு முதலாவதன் முதுகைத் துடைத்தாள். இலக்கம் கரைந்து பஞ்சிற்கு வந்தது. அதன் அடியிலே வேறோர் இலக்கம் மங்கலாகத் தெரிந்தது.

"என்னவாம் அது?" என்று செந்தூரன் கேட்டான்.

"இது பொய். பழைய சாமானுக்குப் புதுச் சட்டை போட்டு விக்கிறாங்கள்."

"மற்றது?"

"அது நல்ல சாமான். ஆனா வேறை வகை. ஒருக்கால் சொல்லத் தொடங்கினால் நிப்பாட்டாது. நிறுத்து, நிறுத்து எண்டு சொல்லிக்கொண்டே நிக்கும். பெட்டி ரெண்டாந்தரம் அடிக்காது."

"எங்கடை யோகநாதன் அண்ணையைப் போலை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதை எடுத்து அளந்தாள். முள் நல்ல இடத்தில் நின்றது. மீண்டும் அளந்தாள், அதே இடம். செந்தூரன் அவளது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியோ?"

"பொறுங்கோ."

வெறும் பால்மாத் தகர ரின்னொன்றைத் தணலுக்கு அருகே வைத்து, அதனுள் அப்பொருளை இறக்கி, கம்பிகளை வெளியே விட்டாள். புட்டை இறக்கித் தேங்காய்ப்பூ தூவி மூடிவிட்டு வந்து பார்த்தபோது முள் கீழே வந்திருந்தது. இன்னும் சிறிது நேரம் வைத்தாள். முள் இன்னும் இறங்கிற்று.

"கிழடு," என்றாள். "உள்ளுக்கை இருக்கிற விளக்கு எரிஞ்செரிஞ்சு மங்கிப்போச்சு. குளிரிலை சரியாச் சொல்லுது. சூடேற அதுக்கு மறதி வருது."

"ராவிலை என்ன சூடு? பனியெல்லே கொட்டுது. ராவுக்கு மட்டும் போட்டால் என்ன?"

அவ்வாதத்தில் பிழை இருந்திருப்பின் அவளுக்கு எளிதாயிருந்திருக்கும். பிழை இருக்கவில்லை.

"சூடேறினால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ? நிரம்பினது தெரியாமல் நிரப்பிக்கொண்டே போகும். ஒண்டில் கம்பி ஆளைக் கொல்லுற மாதிரி அடிக்கும். இல்லாட்டில் பெட்டி வெடிச்சு வேலி செத்துப்போம்."

"நாலைஞ்சு ராவுதானே தர்சினி. கொழும்புச் சாமான் வந்தோடனை மாத்தும்."

"மாத்தலாம். அதுக்கிடையிலை..."

"அதுக்கிடையிலை நான் பரணிலை இருக்கவேணும். நான் ஓடுறதை நீர் எப்பவாவது பாத்திருக்கிறீரோ?"

குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்து சட்டியை இறக்கினாள். உண்டு முடிந்ததும் அவள் ஈயம் உருக்கும் கருவியைச் சூடாக்கி, மூன்றாவதைப் பெட்டியிற் பொருத்தினாள்.

"பொழுதுபட்டாப் பிறகு போடுறது. விடியமுதல் நிப்பாட்டுறது. வெயில் முகத்திலை பெட்டி ஓடக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது ரீச்சர்."

"பகிடியில்லை."

"நான் எங்கை பகிடி விட்டனான்?"

முதலிரு இரவுகளும் குறையின்றிக் கழிந்தன. வேலி முறையாகத் துடித்தது. யோகநாதன் நீண்டதொரு புல்லைப் பிடுங்கி, அதன் நுனியைக் கம்பியில் வைத்து, விரலிலே மெல்லிய அதிர்வு ஏறியதும் துள்ளி விலகினார்.

"ஆச்சி பெத்தது! கிழட்டுக் கண்ணெண்டாலும் பார்வை கூர்மைதான்," என்றார். "பெட்டியை நான் நம்பிறன். ஆனா பரணிலைதான் படுப்பன். வீட்டிலை படுத்தால் ஜெகதீஸ்வரி விடுற குறட்டைக்கு யானையும் கிட்ட வராது. எனக்கும் நித்திரை வராது."

செந்தூரன் வீட்டிலே உறங்கினான். அதனால் சிவதர்சினியும் உறங்கினாள். விடியுமுன் அவனே எழுந்து, தடியூன்றிச் சென்று பெட்டியை நிறுத்திவிட்டு வந்து அவளுக்குத் தேநீரும் ஊற்றிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் மாலை பனி வழமையிலும் கனமாக இறங்கியது. வயலின் மறுகரை தெரியவில்லை. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. அன்று சிவதர்சினி கடையில் வேலை மிகுந்து, கடைசி பஸ்ஸிலேயே வரவிருந்தாள். செந்தூரன் பெட்டியின் முன்னே நின்று அதன் மேல் படிந்த நீர்த்துளிகளைச் இடுப்புச் சாரத்துத் தலைப்பால் துடைத்தான். துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தன.

போர்க்கால இடம்பெயர்வின்போது இந்நிலத்து மக்களின் கைகள் ஒரு வேலையைப் பழகிக்கொண்டன. தையல் மெசின், வானொலி, காணி உறுதிப் பத்திரம், கலியாணப் படம் என, இழக்கக்கூடாத எதுவாயினும் அதனைப் பொலித்தீனாற் சுற்றி, உரப்பைக்குள் இட்டு, காற்றும் புகாதபடி வாயை இறுக்கிக் கட்டிப் புதைத்துவிட்டுச் செல்வார்கள். திரும்பி வந்து தோண்டியபோது ஈரம் படாமற் கிடைத்தவை, நன்றாகக் கட்டப்பட்டவையே. செந்தூரன் அவ்வேலையில் வல்லவன். அவன் குசினிக்குப் பின்னாலிருந்து தடித்த பொலித்தீனையும் வெற்று யூரியாப் பையையும் கொண்டுவந்தான். பெட்டியை இருமுறை சுற்றி, பையை மேலே மாட்டி, கம்பிகள் வெளிவரும் இடத்தையும் விடாமல் இறுக்கிக் கட்டினான். அதன் பின்னர் மின் ஆளியைப் போட்டான். உள்ளிருந்து துடிப்பின் ஒலி மெலிதாகக் கேட்டது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

உழைக்கும் பெட்டி தானும் சூடாகும். அச்சூடு காற்றுப் பட்டே ஆறும். இதனைச் சிவதர்சினி அவனுக்குக் கூறியிருக்கவில்லை. கூறவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவும் இல்லை. வெயிலைப் பற்றி அவள் எண்ணியிருந்தாள். பெட்டியை அன்போடு போர்த்தும் கையொன்றைப் பற்றி எண்ணியிருக்கவில்லை.

அவள் இருட்டில் வீட்டிற்கு வந்து, வாசற் படலையில் நின்று செவி கொடுத்தாள். ஒலி இருந்தது. உள்ளே போனாள்.

விடியற்புறத்தில் அவர்களை எழுப்பியது ஜெகதீஸ்வரியின் ஓலம். செந்தூரன் பொய்க்காலை மாட்டவும் மறந்து தடியோடு ஓடினான், விழுந்தான், எழுந்து மீண்டும் போனான். யோகநாதன் தமது வயலின் நடுவே, பரணுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட வரம்பில், யானை மிதித்து உயிரற்றுக் கிடந்தார். அவரைச் சுற்றிலும் நெல் மடிந்து சேற்றோடு சேறாகியிருந்தது. வேலி ஓரிடத்திற் சாய்ந்திருந்தது. யானைகள் வந்து, உண்டு, போயிருந்தன.

"எனக்குப் போன் எடுத்தவர்," என்று ஜெகதீஸ்வரி யாரையும் பாராமற் சொல்லிக்கொண்டிருந்தாள். "யானை முறிக்கிற சத்தம் கேக்குது, வேலிக்கு வெளியாலைதான் நிக்குது, கம்பி அடிக்குதுதானே, போய் ஒரு வெடி கொளுத்திப்போட்டு வாறன் எண்டவர். கம்பி அடிக்குதுதானே எண்டவர். நானும் ஓமெண்டனான்."

சிவதர்சினி வளவுக்குத் திரும்பினாள். அப்போதுதான் அவள் அந்தப் பையைக் கண்டாள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். அரிவாளால் அறுத்தாள். பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தது. பெட்டி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மூடியைத் திறந்தபோது எரிந்த நாற்றம் எழுந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் உருளை வீங்கி வெடித்துப் பிளந்திருந்தது.

பின்னால் தடியின் ஒலி கேட்டது. செந்தூரன் சேறு படிந்த உடம்போடு நின்றான். அவளது கையிலிருந்த பையைப் பார்த்தான். திறந்த பெட்டியைப் பார்த்தான்.

"பனி படக்கூடாதெண்டுதான்..."

"தெரியும்."

"நீர் வெயிலெண்டுதானே சொன்னனீர்."

"ஓம். வெயிலெண்டுதான் சொன்னனான்."

அவன் நிலத்தில் அமர்ந்தான். அவள் பையையும் பொலித்தீனையும் சிறிதாக மடித்து, யார் கண்ணிலும் படாதபடி விறகுக் குவியலின் அடியிலே செருகினாள்.

வந்தவர்கள் வந்து பார்த்துப் போனார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை ஆதலால், அயலவர் முறைவைத்துச் சோறு கொண்டுபோயினர். சிவதர்சினியின் முறை வந்த நாளில் அவள் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து எடுத்துச் சென்றாள். ஜெகதீஸ்வரி கூடத்தில் பாயில் இருந்தாள். அவளது அழுகை ஓய்ந்திருந்தது. குரல் மட்டும் உடைந்திருந்தது.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். பெட்டியிலை நல்ல சாமான்தானே போட்டனி?"

சிவதர்சினி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒரு சொல்லிலே பாரம் முழுவதையும் கணவனின் மேல் இறக்கிவைத்திருக்கலாம். அப்போதும் அது முழுப்பொய்யாக இருந்திராது.

"இல்லை அக்கா. அது பழசு. சூடேறினால் பிழைக்குமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டனான்."

"ஏன்?"

"இவர் பரணுக்குப் போகக்கூடாதெண்டு."

ஜெகதீஸ்வரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வைவாள் என்று சிவதர்சினி காத்திருந்தாள். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சோறு ஆறுது," என்றாள் ஜெகதீஸ்வரி. "தின்னாத சனம் இருக்கு. போடு."

கொழும்புப் பொருள் சொன்னபடி வந்தது. அதனோடு புதிய உருளையும் வந்தது. சிவதர்சினி ஒவ்வொரு சோதனையையும் ஒன்றும் விடாமற் செய்தாள். தின்னருக்கு இலக்கம் அழியவில்லை. தணலருகே வைத்தும் முள் இறங்கவில்லை. பொருத்திப் பெட்டியை மூடினாள். சாய்ந்த கப்புகளைச் செந்தூரன் தனியே நின்று நிமிர்த்தி, கம்பியை இழுத்துக் கட்டினான். பெட்டியின் அருகே மட்டும் அவன் வரவில்லை.

"மேலை ஏதும்..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"தகரம் காணும்," என்றாள்.

இரு வயல்களிலும் நெல் பாதிக்கு மேல் இன்னும் நின்றது. வெட்டு மெசின் இரணைமடுவை விட்டுப் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. பொழுது சாயும் வேளையில் ஜெகதீஸ்வரி வரம்பு வழியே வந்தாள். ஒரு கையில் ரோச் லைற். மறு கையில் வெடிகள் வைத்த பை. தோளில் மடித்த போர்வை.

"எங்கை அக்கா போறியள்?"

"பரணுக்கு."

"பெட்டி இப்ப சரி. புதுச் சாமான் போட்டாச்சு. எல்லாம் சோதிச்சுப் பாத்தனான்."

"ஓம், சத்தம் கேக்குது."

"அப்ப நீங்கள் போகத் தேவையில்லை."

"அவருக்கும் தேவையிருக்கேல்லை," என்றாள் ஜெகதீஸ்வரி. அவளது குரலில் சினம் இல்லை. செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தாள்.

சிவதர்சினி குசினிக்குள் போய்க் கணவனிடம், "புட்டு மூடிக் கிடக்கு. திண்டிட்டுப் படுங்கோ," என்றாள்.

"நீர்?"

"அக்காவோடை போறன்."

"நான் போறன். நீர் நில்லும்."

"வேண்டாம்," என்றாள். அச்சொல்லின் பின்னே ஏதும் சேர்க்காமல் வெளியே இறங்கினாள்.

பரணின் ஏணி ஈரமாக இருந்தது. அவள் ஏறியபோது ஜெகதீஸ்வரி ரோச் லைற் வெளிச்சத்தை அவளது முகத்தில் அடித்தாள், பிறகு அணைத்தாள்.

"நீ ஏன் வந்தனி?"

"சும்மா."

"பெட்டி சரியெண்டனியெல்லே."

"சரிதான் அக்கா."

"அப்ப போய்ப் படன்."

சிவதர்சினி அசையவில்லை. கீழே வயலின் மேற்குப் பக்கம் சேறாகக் கிடந்தது. கிழக்குப் பக்கத்தில் கதிர்கள் பனியிலே தோய்ந்து நின்றன. ஜெகதீஸ்வரி வெடிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காட்டு விளிம்பையே பார்த்திருந்தாள். பின்னர் அவள் முகத்தைத் திருப்பாமலே சற்று ஒதுங்கினாள்.

"இஞ்சாலை தள்ளி இரு," என்றாள். "அந்தப் பக்கத்துப் பலகை உக்கிப்போச்சு. மாத்தவேணுமெண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."